வண்டு ஆய்வுப் பெட்டி: செட்டிநாட்டுச் செம்புறை மண்ணில் ஒன்பது மாதப் பயன்பாடு

சென்ற ஆவணி மாதம் 5,400 ரூபாய் கொடுத்து, இணையத்தில் விற்கும் வண்டு ஆய்வுப் பெட்டி ஒன்றை வாங்கினேன். விற்றவர்களின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏறக்குறைய இதே பொருள்களை இதே போன்ற மரப்பெட்டியில் அடுக்கி வேறு வேறு முத்திரைகளோடு விற்கிறார்கள் என்பதால், நான் சொல்லும் நிறைகுறைகள் அந்த வகைப் பெட்டிகள் பலவற்றுக்கும் பொருந்தும். மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றபின் காரைக்குடிக்கு வடக்கே பள்ளத்தூர்ப் பக்கம் குடியிருக்கிறேன். இந்த வறண்ட பூமியில், கண்மாய்க் கரையிலும் மாட்டுத்தொழுவத்திலும் வேப்பமரத்தடியிலும் சாணி வண்டு, காண்டாமிருக வண்டு முதலியவை அடங்கிய ஸ்காராப் வண்டுகள் எத்தனை விதமாக இருக்கின்றன என்று முறையாகக் குறித்துவைக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஆவணியில் தொடங்கி வைகாசி வரை, அதாவது ஐப்பசி அடைமழை, தை அறுவடை, சித்திரைக் கோடை மழை எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெட்டி வந்து இறங்கிய அன்றே ஐந்து நட்சத்திரம் போடுகிறவர்களின் கருத்தோடு இதை ஒப்பிட வேண்டாம்.

பெட்டிக்குள் இருந்தவை: கணினியில் இணைக்கும் சிறிய நுண்ணோக்கி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், இரண்டு சாமணங்கள், 1 முதல் 3 வரை எண்ணிட்ட பூச்சி ஊசிகள், குழிப்பொறிக்கான பத்து பிளாஸ்டிக் கோப்பைகள், ஊதா விளக்கு ஒன்று, மூடியிட்ட கண்ணாடிப் புட்டி, "கவர்ச்சித் தூள்" என்று எழுதிய சிறு பொட்டலம், அச்சிட்ட 100 அடையாளச் சீட்டுகள், வண்ணப் படங்கள் நிறைந்த கையேடு. இவை எல்லாவற்றையும் அடைத்துவந்த மரப்பெட்டியே, அடியில் நுரைத்தகடும் மேலே கண்ணாடி மூடியும் கொண்டு, சேகரித்த வண்டுகளை வைக்கும் பேழையாகவும் பயன்படுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த நுண்ணோக்கி கொடுத்த காசுக்கு மேல் உழைத்தது. ஸ்காராப் என்னும் பெருங்கூட்டத்தை மற்ற வண்டுகளிலிருந்து பிரிப்பது உணர்கொம்புதான். அதன் நுனியில் மூன்று முதல் ஏழு வரை மெல்லிய தகடுகள் புத்தகத்தின் ஏடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். வேண்டும்போது விசிறியாக விரியும், வேண்டாதபோது முஷ்டியாக மூடிக்கொள்ளும். வகுப்பறையில் கரும்பலகையில் இதை எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன், ஆனால் உயிருள்ள வண்டில் அது விரிவதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. புரட்டாசியில் ஒருநாள், ஈரத்துணியில் பொதிந்துவைத்திருந்த ஒரு வண்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, புதிய சாணத்தைத் தொட்ட குச்சியை இரண்டு அங்குலத் தூரத்தில் நீட்டினேன். மூடியிருந்த தகடுகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து, நடுங்கி, திரையில் தாமரை மொட்டு அவிழ்வது போல் விரிந்தன. வாசனையை அறியும் பரப்பு அந்தத் தகடுகளின் உட்பக்கம்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் விளக்கிவிட முடியாது. நிறம் சற்று வெளுத்துத் தெரிகிறது என்பதும், நுண்ணோக்கியைத் தாங்கும் கால் முதல் மாதமே ஆட்டங்கண்டு அடியில் தீப்பெட்டி கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான். அவற்றை நான் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

குழிப்பொறிக் கோப்பைகள் அப்படியல்ல. இவற்றைச் செய்தவர் தோட்டத்து மண்ணை மனத்தில் வைத்துச் செய்திருக்க வேண்டும். செம்புறைப் பாறையை அவர் பார்த்திருக்க மாட்டார். கோப்பையின் விளிம்பு தரைமட்டத்தோடு ஒட்டியிருந்தால்தான் நடந்துவரும் வண்டு தடுக்கி உள்ளே விழும். அரை அங்குலம் மேலே நின்றால் சுற்றிக்கொண்டு போய்விடும். எங்கள் பக்கத்துத் தரையில் அந்த ஒரு சாண் குழியைத் தோண்டுவதற்கே கடப்பாரை வேண்டியிருந்தது. தோண்டிய குழியில் இறக்கியபோது, காகிதம் போல் மெல்லிய அந்தக் கோப்பைகளில் நான்கு, பக்கத்துச் சரளைக்கல் அழுத்தியே நசுங்கின. அவற்றுக்குப் பதிலாக ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளின் அடிப்பாதியை வெட்டிப் பயன்படுத்தினேன். ஆழமும் கூடுதல், உறுதியும் கூடுதல், காசும் இல்லை. மழைநீர் இறங்காதபடி மேலே கவிழ்ப்பதற்குப் பெட்டியில் கொடுத்திருந்த பிளாஸ்டிக் தட்டுகள் முதல் காற்றிலேயே ஊருணிக்குப் போய்விட்டன. கொல்லையில் கிடந்த உடைந்த ஆத்தங்குடிக் கற்களை மூன்று கூழாங்கற்களின்மேல் நிறுத்தி மூடினேன். ஐப்பசி மழையிலும் அவை அசையவில்லை, நாயும் புரட்டவில்லை.

கவர்ச்சித் தூளைப் பற்றி ஒரே வரி போதும்: எறும்பு மட்டும் வந்தது.

புதிய சாணத்தைத் துணியில் முடிந்து கோப்பைக்கு மேலே தொங்கவிடுவதுதான் இந்த ஆய்வில் ஈடுபட்டவர்கள் உலகமெங்கும் செய்வது, அதற்குத் தூள் மாற்றாகாது. ஒரு பொறியின் வாசனை அடுத்த பொறியின் வாசனையோடு கலந்துவிடாமலிருக்க ஐம்பது மீட்டராவது இடைவெளி வேண்டும் என்று இத்துறையினர் பரிந்துரைத்திருக்கிறார்கள். பெட்டியோடு வந்த குறிப்பிலோ ஐந்தடி இடைவெளியில் வரிசையாக வைக்கும்படி படம் போட்டிருக்கிறது. அப்படி வைத்தால் பத்துப் பொறியும் சேர்ந்து ஒரே பொறிதான். சாணம் எந்த மாட்டினுடையது என்பதும் முக்கியம் என்று அந்தக் குறிப்பு சொல்லவில்லை. குடற்புழு நீக்கத்துக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் வகை மருந்துகள் மாட்டின் உடலிலிருந்து பெரும்பாலும் சாணத்தின் வழியாகவே வெளியேறுகின்றன. அந்தச் சாணத்தில் வளரும் வண்டுப் புழுக்களை அவை கொல்கின்றன அல்லது வளர்ச்சியைத் தடுக்கின்றன. 2015ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பின் மறுபக்கம் இது. ஆகவே அண்மையில் மருந்து கொடுக்காத மாட்டைத் தேடிப் போனேன்.

அந்தத் தேடலில்தான், கண்மாய் உள்வாயில் ஊர்மாடு மேய்க்கும் பெரியவரின் பழக்கம் கிடைத்தது. என் கோப்பைகளைப் பார்த்துவிட்டு அவர் சிரிக்கவில்லை. "டீச்சரம்மா, மழை பெஞ்ச மறுநா விடியக்கருக்கல்ல வாங்க. சாணி போட்டுக் கை எடுக்குறதுக்குள்ள வந்து விழும். வெயில் ஏறிருச்சுன்னா மேலே வறட்டிதான் இருக்கும், எல்லாம் மண்ணுக்குள்ள போயிரும்" என்றார். அவர் சொன்னபடியே போய் உட்கார்ந்தபோது, ஆவி பறக்கும் சாணத்தைச் சுற்றி ரீங்காரத்தோடு வந்து இறங்கிய வண்டுகளை எண்ணி முடிக்க முடியவில்லை. எங்கள் பக்கம் பீயுருட்டி என்று கூசாமல் அழைக்கும் இவற்றில் உருட்டுபவை ஒரு சிறு பகுதிதான் என்பது அங்கே கண்கூடாகத் தெரிந்தது. பெரும்பாலானவை உருட்டுவதே இல்லை. சாணத்துக்கு நேர்கீழே சுரங்கம் தோண்டி, கவளம் கவளமாக உள்ளே இழுத்துச் சென்று, அங்கே உருண்டை பிடித்து ஒவ்வொன்றிலும் ஒரு முட்டை இடுகின்றன. இன்னும் சில மிகச் சிறியவை, சாணத்துக்குள்ளேயே குடியிருந்து முடித்துவிடுகின்றன. உருட்டுபவை, தோண்டுபவை, உள்ளே குடியிருப்பவை என்ற இந்தப் பாகுபாட்டை வைத்தே சாணி வண்டுகளின் சூழலியல் எழுதப்பட்டிருக்கிறது. பெட்டியின் மேல் அட்டையில் உருட்டும் வண்டின் படம் மட்டுமே இருப்பதால், வாங்குகிற மாணவர் அதையே தேடிக் களைத்துப்போவார்.

உருட்டும் வண்டு ஒன்றும் வந்தது. பக்கவாட்டில் இறக்கை உறை உள்வளைந்து, இடுப்பு தெரியும்படி இருந்ததால் ஜிம்னோப்ளூரஸ் பேரினம் என்று கொண்டேன். உருண்டையைப் பிடித்து முடித்ததும் அதன்மேல் ஏறி நின்று ஒருமுறை முழுதாகச் சுற்றியது; பிறகு இறங்கி, தலைகீழாக நின்று பின்னங்கால்களால் நேர்க்கோட்டில் தள்ளிக்கொண்டு போனது. வழியில் நான் வைத்த சாமணத்தால் உருண்டை உருண்டோடியபோது, மறுபடி ஏறி மறுபடி சுற்றிப் பார்த்துவிட்டு அதே திசையைப் பிடித்தது. பகலில் உருட்டுபவை சூரியனைக் கொண்டு திசை அறிகின்றன; இரவில் திரியும் தென்னாப்பிரிக்க இனம் ஒன்று பால்வீதியைக் கொண்டு திசை அறிகிறது என்று மேரி டாக்கே என்ற உயிரியலாளரின் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வு, வண்டுகளின் தலையில் அட்டைத் தொப்பி மாட்டியும் கோளரங்கத்துக்குள் விட்டும் செய்யப்பட்டது. அந்த ஆய்வுக்கு வேண்டியிருந்தது அட்டையும் பொறுமையும். இந்தப் பெட்டியிலோ பார்த்ததை எழுத ஒரு சிறு குறிப்பேடுகூட இல்லை. எல்லாக் கருவியும் பிடிப்பதற்கும் குத்துவதற்கும்தான்.

பிடிப்பதைப் பற்றி அடுத்த வீட்டு ஆச்சிக்கும் எனக்கும் ஒரு வழக்கு நடந்தது. கண்ணாடிப் புட்டி எத்தில் அசிட்டேட் ஊற்றி வண்டைக் கொல்வதற்கானது. திரவத்தை அஞ்சலில் அனுப்ப முடியாதென்று வெறும் புட்டியை மட்டும் அனுப்பியிருந்தார்கள். அதற்குப் பதிலாக உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தால் போதும், உடலும் கெடாது. "வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வாயில்லா ஜீவனை ஐஸ்பெட்டியில வச்சுக் கொல்றியே ஆத்தா" என்று ஆச்சி முகப்பில் நின்று கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. எண்ணிக்கை மட்டும் வேண்டுமானால், சோப்புத் தண்ணீர் ஊற்றாமல் ஈர இலைகளைப் போட்டுக் கோப்பையை வைத்து, காலையில் எண்ணிவிட்டு விட்டுவிடலாம். இனம் தெரிய வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கார்த்திகை முதல் அப்படியே செய்கிறேன். இந்த வழியைப் பற்றிப் பெட்டியின் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

கையேட்டுக்கு வருகிறேன், என் மனத்தாங்கல் பெரும்பகுதி இதன்மேல்தான். தாளும் அச்சும் அழகு. ஆனால் படங்களில் முக்கால்வாசி நம் நாட்டு வண்டுகளே அல்ல. தென்னமெரிக்காவின் ஹெர்குலிஸ் வண்டு இரண்டு பக்கத்துக்கு நிற்கிறது. ஐரோப்பிய வயல்களின் கரும்பழுப்பு வண்டும், 1916இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் காணப்பட்டுப் பின் பெருந்தொல்லையாக மாறிய ஜப்பானிய வண்டும் உள்ளன. நம் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் இலை போட்டு வளர்க்கும் பொன்வண்டை, பச்சையாக மின்னுகிறது என்ற ஒரே காரணத்துக்காக, இதில் சேர்த்திருக்கிறார்கள். பொன்வண்டு ஸ்காராபே அல்ல. அதன் உணர்கொம்பு ரம்பப் பல் போல நீண்டிருக்குமே தவிர நுனியில் தகடுகள் கிடையாது. அது புப்ரெஸ்டிடே என்னும் வேறு குடும்பம். கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் உணர்கொம்பின் இலக்கணத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, பதினேழாம் பக்கத்தில் அதை மீறும் படத்தைப் போட்டவர் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்ததில்லை என்றே நினைக்கிறேன்.

இதைவிடக் கேடானது அடுத்தது. "முன்காலின் பாதம் உடைந்த வண்டுகளைச் சேகரிப்பில் வைக்க வேண்டாம்" என்று ஓர் அறிவுரை. ஸ்காராபெயஸ் பேரினத்து வண்டுகளுக்கு முன்காலின் நுனிப் பாதம் பிறவியிலேயே கிடையாது. ஓனிட்டிஸ் பேரினத்து ஆண்களுக்கும் அப்படியே. தோண்டும் கால் தோண்டுவதற்கு மட்டும் என்று அமைந்துவிட்டது. வகைப்பாட்டில் அந்த இல்லாமையே ஓர் அடையாளம். புரட்டாசியில் நான் பிடித்த ஓர் ஓனிட்டிஸ் ஆண் வண்டை, கையேட்டை நம்பிய என் பழைய மாணவி ஒருத்தி உடைந்தது என்று குப்பையில் போட்டுவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

கொம்பு விஷயமும் இப்படித்தான். ஒந்தோஃபேகஸ் என்ற பேரினத்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. விலங்குலகின் மிகப் பெரிய பேரினங்களில் அது ஒன்று. அதில் பல இனங்களின் ஆண்களில் இரண்டு வடிவங்கள் உண்டு. புழுப்பருவத்தில் நிறைய உணவு கிடைத்த ஆண் பெரிதாக வளர்ந்து நீண்ட கொம்போடு வரும். சுரங்கத்தின் வாயிலில் நின்று மற்ற ஆண்களோடு முட்டிச் சண்டையிடும். உணவு குறைந்த ஆண் சிறியதாக, கொம்பே இல்லாமலோ சிறு மேட்டோடோ வரும். அது சண்டைக்குப் போகாமல், பக்கத்தில் இன்னொரு சுரங்கம் தோண்டி உள்ளே நுழைந்துவிடும். ஆகவே ஒரே தாயின் இரு மகன்கள் நம் கண்ணுக்கு இரு இனங்களாகவும், கொம்பில்லாத மகன் மகளாகவும் தோன்றுவது இயல்பு. "கொம்பு உள்ளது ஆண், இல்லாதது பெண்" என்று கையேடு ஒரே வரியில் முடித்துவிடுகிறது. ஒன்றுபோல் தோன்றும் இனங்களைப் பிரிக்க ஆண் இனவுறுப்பை வெளியே எடுத்து அதன் வடிவத்தைப் பார்ப்பதே இத்துறையினரின் வழக்கம். அதற்குப் பெட்டியிலுள்ள நுண்ணோக்கி ஓரளவு போதும், சாமணத்தின் நுனிதான் தடிமன்.

ஸ்காராப் குடும்பம் ஒன்றிலேயே சுமார் 30,000 இனங்கள், அவற்றில் சாணி வண்டுகள் மட்டும் 6,000க்கு மேல் என்ற நிலையில், ஐம்பது பக்கக் கையேட்டைக் கொண்டு ஒரு வண்டுக்கு இனப்பெயர் சூட்டலாம் என்ற எண்ணத்தை விதைப்பதே தவறு என்பது என் முடிவு. துணைக்குடும்பம் வரை கண்ணாலேயே போகலாம்; கவனமாகப் பார்த்தால் பேரினம் வரை போகலாம். அதற்கு மேல் வேண்டுமானால், கில்பர்ட் ஜான் ஆரோ என்ற பூச்சியியலாளர் பிரிட்டிஷ் இந்திய விலங்கினத் தொகுதிகளுக்காக 1910, 1917, 1931ஆம் ஆண்டுகளில் எழுதிய மூன்று பாகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. சாணி வண்டுகளுக்கு மூன்றாவது பாகம். பெயர்கள் பல மாறிவிட்டன என்றாலும் நம் நாட்டு வண்டுகளைப் பற்றியது என்ற ஒரு சிறப்பு அதற்குண்டு. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகத்தில் ஒரு பகல் செலவிட்டால், இந்தக் கையேட்டால் வந்த குழப்பத்தில் பாதி தெளிந்துவிடும்.

ஊதா விளக்கைப் பற்றி. புரட்டாசி முதல் கார்த்திகை வரை, வெள்ளை வேட்டி ஒன்றை முற்றத்துக் கொடியில் கட்டி அதன்முன் இந்த விளக்கை எரியவிட்டேன். ஈசலும் தத்துப்பூச்சியும் சில வந்தன. வண்டுகளோ தெருமுனைக் குழல்விளக்கைத்தான் நாடின. விளக்கின் அடியில் 395 நானோமீட்டர் என்று அச்சிட்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். பூச்சிகளின் கண்ணில் புற ஊதாவை உணரும் செல்கள் 350 நானோமீட்டரை ஒட்டிய ஒளிக்கே மிகுதியாக எழும்புகின்றன. 395 என்பது நம் கண்ணுக்கு ஊதாவாகத் தெரிந்து, விளம்பரப் படத்துக்கு அழகு சேர்க்கும் ஒளி. 365 என்று குறித்த வேறொரு விளக்கைத் தனியாக வாங்கி மாற்றியபின், முதல் இரவிலேயே கத்தார்சியஸ் பேரினத்துக் கரிய பெருவண்டு ஒன்று வேட்டியில் வந்து மோதித் தொப்பென்று விழுந்தது. தலைத்தகட்டில் ஒற்றைக் கொம்பு. கையில் எடுத்தால் விரலிடுக்கைப் பிளந்துகொண்டு போகும் வலிமை. உருவத்துக்கு மீறிய இந்தப் பலத்தைச் சாணி வண்டுகளில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள்: ஒந்தோஃபேகஸ் டாரஸ் என்ற இனத்தின் ஆண் தன் எடையைப் போல் 1,141 மடங்கை இழுத்தது என்று 2010இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

விளக்கின்றியே வண்டு கிடைக்கும் காலமும் ஒன்று உண்டு. சித்திரையில் முதல் கோடை மழை பெய்த மாலை, இருட்டியதும் வேப்பமரத்தடியில் நின்றால் மேலே இலை நறுக்கும் ஓசை மெல்லிய தூறல் போலக் கேட்கும். மண்ணுக்குள்ளிருந்து கிளம்பிய பழுப்பு நிற ஹோலோட்ரிக்கியா வண்டுகள் கூட்டமாக ஏறித் தின்கின்றன. அவற்றின் குஞ்சுகள்தான் நிலக்கடலை வேரைக் கடித்துச் செடியை வாட வைக்கும் வெள்ளை வேர்ப்புழுக்கள். கிளையை உலுக்கினால் வேட்டியில் உதிரும். ஒருமுறை அவ்வாறு உலுக்கியதில் கிடைத்தவை, ஊதா விளக்கு மூன்று மாதத்தில் ஈட்டியதைவிட அதிகம்.

எருக்குழிப் புழுக்களில் நுண்ணோக்கி மீண்டும் கை கொடுத்தது. ஸ்காராப் புழுக்கள் எல்லாமே வெள்ளையாக, கொழுத்து, பாதி நிலவு போல் வளைந்து படுத்திருக்கும். விவசாயிக்கு எல்லாம் ஒன்றுதான். தட்டையான தரையில் விட்டால் வேறுபாடு தெரியும். மல்லாந்து படுத்து முதுகாலேயே ஊர்ந்து சென்றால் அது பூவண்டு வகை, மட்கியதைத் தின்பது, அதைக் கொல்லத் தேவையில்லை. வேர்ப்புழுவானால், உடலின் கடைசி வளையத்தின் அடியில் ஆசனவாயின் முன்னே உள்ள சிறு முட்களின் வரிசையைப் பார்க்க வேண்டும். பேரினத்துக்குப் பேரினம் அந்தக் கோலம் மாறும். நுண்ணோக்கித் திரையில் அது உண்மையிலேயே புள்ளிக்கோலம் போலத்தான் இருந்தது.

இந்த இடத்தில் விளம்பரத்தின் ஒரு வாக்கை மறுக்க வேண்டும். "தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டைக் கட்டுப்படுத்தவும் உதவும்" என்று எழுதியிருக்கிறார்கள். உதவாது. 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவுக்குச் சென்று, பசிபிக் தென்னைகளை அழிக்கத் தொடங்கிய வண்டு அது. இந்தக் கோப்பைகளுக்கு அடங்காது. எருக்குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்குவதும், பச்சை மஸ்கார்டின் பூஞ்சாணத்தை அங்கே இடுவதும், ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்த பானைகளைத் தோப்பில் வைப்பதும், இனக்கவர்ச்சிப் பொறி கட்டுவதும்தான் வழி. தோப்புக்காரர்கள் அதற்காக இதை வாங்க வேண்டாம்.

ஊசிகளும் பேழையும் சுமாரான தரம். வண்டுகளை நடுமுதுகில் குத்தக்கூடாது, வலது மேலிறக்கையில் குத்த வேண்டும் என்பதைக் குறிப்பு சரியாகவே சொல்கிறது. ஆனால் அடி நுரைத்தகடு மெலிந்து, ஊசி நுனி மரத்தில் இடித்து வளைகிறது. ஒரு பழைய செருப்பின் அடியை வெட்டிக் கீழே கொடுத்தேன். ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த வண்டுகளை ஊசியில் குத்தாமல், முக்கோணமாக வெட்டிய அட்டை நுனியில் ஒட்ட வேண்டும். அந்த அட்டையைத் தரவில்லை. ஆச்சி தம் பேத்தியின் கல்யாணப் பத்திரிகைகளில் மிஞ்சியதை ஒரு கட்டு கொடுத்தார். செட்டிநாட்டுப் பத்திரிகைத் தாளின் கனம் அதற்கென்றே செய்ததுபோல் அமைந்தது. மூடி நன்றாக அமர்கிறது, மூலையில் அந்துருண்டை வைத்தபின் ஒன்பது மாதத்தில் ஒரு வண்டும் உளுக்கவில்லை.

கடைசியாக, மிகச் சிறிய பொருள், எனக்கு மிகப் பெரிய குறை: அடையாளச் சீட்டு. ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் "பெயர்" என்றும், அதன்கீழ் அரை அங்குல இடம் விட்டு "இடம்" என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். தேதிக்கு இடமில்லை, எந்தப் பொறியில், எந்தச் சாணத்தில் கிடைத்தது என்பதற்கும் இடமில்லை. பெயரை எவரும் எப்போது வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம், பிழையானால் திருத்தலாம். எங்கே, எப்போது, எதில் பிடித்தோம் என்பதை அன்று எழுதாவிட்டால் பின்னர் எவராலும் சொல்ல முடியாது. தரங்கம்பாடியில் டேனியர் இருந்த காலத்தில், 1768இல் அங்கே வந்த கோனிக் என்பவரும் பிறகு டால்டார்ஃப் என்ற படைவீரரும் நம் கரையின் பூச்சிகளைப் பிடித்துக் கடல் கடந்து அனுப்பினார்கள். உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸின் மாணவரான ஃபேப்ரீசியஸ் அவற்றுக்குப் பெயரிட்டார். அவர் பெயரிட்ட பூச்சிகள் இன்றும் கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பலவற்றுக்கு அவர் எழுதிவைத்த ஊர்விவரம் கிழக்கிந்தியா என்பது மட்டும்தான். எந்தக் கண்மாய், எந்த மாதம், மாட்டுச் சாணமா குதிரைச் சாணமா என்று கேட்டால் விடை சொல்ல ஆளில்லை. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது.

விற்பனையாளரின் சேவையில் குறை சொல்ல முடியாது. நசுங்கிய கோப்பைகளின் படத்தை அனுப்பியதும் ஒரு வாரத்தில் வேறு பத்து வந்தன. அவையும் அதே மென்மை. கையேட்டின் பிழைகளை இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன், நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. விளக்கையும் கையேட்டையும் தூளையும் நீக்கிவிட்டு, பேழை, நுண்ணோக்கி, ஊசி, சாமணம் மட்டும் குறைந்த விலையில் தர முடியுமா, பள்ளிக்கு இரண்டு வாங்குவேன் என்று கேட்டதற்கு, பிரித்து விற்பதில்லை என்றார்கள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். அந்த மூன்றில் இரண்டு நுண்ணோக்கிக்கு, ஒன்று பேழைக்கு.

சீட்டுகளை மட்டும் வீணாக்கவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் என்னோடு கண்மாய்க்கு வரும் மூன்று பிள்ளைகளும், "பெயர்" என்று அச்சிட்ட பக்கத்தைக் கவிழ்த்துவிட்டு, வெறுமையான பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறார்கள்: சிவகங்கை மாவட்டம், கண்மாய் உள்வாய், மழைக்கு மறுநாள் காலை 6.10, பசுஞ்சாணம், குழிப்பொறி 3.